தாய்மாரைத் திட்டுறதை முதல்ல விடுங்கோ

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு வணக்கம்,

போன கிழமை உங்கட பேப்பரில நடுப்பக்கத்தில வந்த கட்டுரையைப் பற்றித்தான் எழுதுறன். கனடாவில பிறந்த எங்கட பிள்ளையள் தமிழ் கதைக்காததுக்கு முழுக் காரணமும் தாய்மார்தானாம், வீட்டில ரெண்டு வார்த்தை தமிழில கதைச்சா வாய் வலிக்குமோ எண்டு கேட்டிருந்தார் எழுதினவர். அதுக்குக் கீழயே உங்கட கட்டுரைப் போட்டி அறிவித்தல், அதில நாலாவது விதி, ஒரு ஆங்கிலச் சொல்கூட வரக்கூடாது, வந்தால் நிராகரிக்கப்படும் எண்டு. ரெண்டையும் ஒரே பக்கத்தில பாக்க எனக்குச் சிரிப்பும் வந்தது கோவமும் வந்தது, ஏனெண்டா அந்தக் கட்டுரையை எழுதினவரே பஸ், மோல், ரிவி, செல்போன் எண்டு பந்திக்கு ரெண்டு போட்டுத்தான் எழுதியிருக்கிறார், அதை நீங்கள் நிராகரிக்கேல்லை, நடுப்பக்கத்தில போட்டிருக்கிறியள்.

நான் ரொறன்ரோவில ஸ்காபரோப் பக்கம் புதுசா வாற ஆக்களுக்கு இங்கிலீஷ் படிப்பிக்கிறன், அரசாங்கம் 1992இல தொடங்கின லிங்க் வகுப்பு, உங்கட வாசகரில கனபேர் வந்த புதுசில இருந்து எழும்பின வகுப்புத்தான். சனிக்கிழமையில பிள்ளையளுக்குத் தமிழ். கிழமை நாளில பெரிய ஆக்களுக்கு இங்கிலீஷ் வருகுதில்லை எண்ட கவலை, சனிக்கிழமை சின்ன ஆக்களுக்குத் தமிழ் வருகுதில்லை எண்ட கவலை, ரெண்டையும் கேட்டுக் கேட்டு எனக்குக் காது மரத்துப்போச்சு. ஆனா ஒண்டு விளங்கியிருக்கு, ரெண்டும் ஒரே கதைதான். அதை நான் என்ர மண்டையால கண்டுபிடிக்கேல்லை, எங்கட ஊர் ஆள் ஒருத்தர் வருஷக்கணக்கா ஆராய்ஞ்சு எழுதி வைச்சிருக்கிறார், உங்கட கட்டுரையாளர் அதில ஒரு பக்கமாவது வாசிச்சிருந்தா அந்தத் தலைப்பைப் போட்டிருக்க மாட்டார்.

சுரேஷ் கனகராஜா எண்ட பேரை எத்தினை பேர் கேள்விப்பட்டிருப்பினமோ தெரியாது. யாழ்ப்பாணத்து ஆள். களனிக் கம்பஸில பட்டம், பிறகு அமெரிக்காவில மேல்படிப்பு, ரெக்சஸ் பல்கலைக்கழகத்தில 1990இல பிஎச்டி. யாழ்ப்பாணக் கம்பஸில 1984இல தொடங்கினவர், இடையில படிக்கப் போய்த் திரும்பி வந்து 1994 வரைக்கும் அங்க இங்கிலீஷ் படிப்பிச்சவர், அதுக்குப் பிறகு நியூயோர்க்கில பரூக் கல்லூரி, பிறகு பென்சில்வேனியா ஸ்ரேற் பல்கலைக்கழகம். பயன்பாட்டு மொழியியல் எண்டு சொல்லுவினம் இவற்ற துறையை, அதாவது மொழி எண்டது சனத்தின்ர வீட்டில, வகுப்பில, வேலையிடத்தில என்ன வேலை செய்யுது, ஆரை உயத்துது ஆரை வாய்மூட வைக்குது எண்டு பாக்கிற படிப்பு. அமெரிக்காவில அந்தத் துறைக்கு இருக்கிற பெரிய சங்கத்துக்குத் தலைவரா இருந்தவர், இங்கிலீஷ் படிப்பிக்கிற ஆக்கள் உலகம் முழுக்க வாசிக்கிற ஆய்விதழுக்கு ஆசிரியரா இருந்தவர். எங்கட பிள்ளை ஒண்டு பள்ளிக்கூடத்தில ஸ்பெல்லிங் போட்டியில வெண்டாலே படம் போட்டு வாழ்த்துற எங்கட பேப்பருகளில இவரைப் பற்றி ஒரு பெட்டிச் செய்திகூட நான் கண்டதில்லை. போட்டிருந்தா மன்னியுங்கோ, என்ர கண்ணில படேல்லை.

இந்த மனிசன் ரொறன்ரோ, கிழக்கு லண்டன், கலிபோர்னியாவில லங்காஸ்ரர் எண்ட ஊர், இந்த மூண்டு இடத்திலயும் இருக்கிற ஈழத்தமிழ்க் குடும்பங்களைப் பாத்துக் கதைச்சு 2008இல ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டவர். கேள்வி உங்கட கட்டுரையாளற்ற கேள்விதான், குடும்பம் நினைச்சா மொழியைக் காப்பாத்தலாமோ இல்லையோ. இந்தத் துறையில ஜோஷுவா ஃபிஷ்மன் எண்டு பெரிய ஒரு அறிஞர், 1991இலயே ஒரு பெரிய புத்தகம் போட்டு, தாய் தகப்பனிட்ட இருந்து பிள்ளைக்கு வீட்டுக்குள்ள போய்ச் சேருறதுதான் மொழிக்கு உயிர், அது அறுந்தா பள்ளிக்கூடம் கோயில் ரேடியோ எல்லாம் வைச்சும் பிரயோசனம் குறைவு எண்டு சொன்னவர். கனகராஜா அதை இல்லையெண்டு சொல்லேல்லை, ஆனா அந்த வீடு ஆகாயத்திலயோ தொங்குது எண்டு திருப்பிக் கேக்கிறார். வெளியில என்ன நடக்குதோ அது செருப்பைக் கழட்டி வைச்சிட்டு உள்ளுக்கு வந்து சோபாவில இருக்குது. மூண்டு நாட்டிலயும் பிள்ளையள் வெகு கெதியா இங்கிலீஷுக்கு மாறிப்போட்டினம் எண்டதை மூடி மறைக்காமல் எழுதியிருக்கிறார், பழியை மட்டும் குடும்பத்தின்ர தலையில கட்டேல்லை.

என்ன வருகுது உள்ளுக்கு எண்டு பாருங்கோ. தாய் ரெண்டு வேலை, ஒண்டு பகல், மற்றது பின்னேரம் எட்டு மணி மட்டும். அந்த வேலையில அவவின்ர இங்கிலீஷ் காணாதெண்டு மனேஜர் மூஞ்சியைச் சுழிக்கிறான், அந்த மனிசி வீட்ட வந்து என்ர பிள்ளைக்கு இந்த நிலை வரக்கூடாது எண்டு நினைக்காமல் வேற என்ன நினைக்கும். பிள்ளை அரிவரியில சேர்ந்த முதல் வருஷம் ரீச்சர் கூப்பிட்டு, பிள்ளை வகுப்பில வாய் திறக்குதில்லை, வீட்டில கொஞ்சம் இங்கிலீஷ் கதையுங்கோ எண்டு சொல்லுவா, நல்ல எண்ணத்திலதான் சொல்லுவா. தாய் அண்டைக்கே பயந்துபோய் மாறிவிடும். அஞ்சு வருஷம் கழிச்சு அதே பிள்ளையை மேடையில ஏத்தி ஒரு தமிழ்ப் பிரமுகர், ஏன் மோனை தமிழ் வரேல்லையோ, அம்மா சொல்லித் தரேல்லையோ எண்டு மைக்கில கேப்பார். இந்தக் கதையில தகப்பனைப் பற்றி ஆரும் கேக்கிறேல்லை, அதையும் கவனிச்சுக் கொள்ளுங்கோ.

இங்கிலீஷ் ஆசை எங்களுக்குக் கனடா வந்து பிடிச்சதுமில்லை. அமெரிக்க மிஷன் 1816இல யாழ்ப்பாணத்துக்கு வந்தது, 1823இல வட்டுக்கோட்டைச் செமினறி, அதுக்குப் பிறகு இங்கிலீஷ் படிச்ச யாழ்ப்பாணத்தான் கொழும்பு, மலாயா, சிங்கப்பூர் எண்டு கிளாக்கர் வேலையும் ஸ்ரேசன் மாஸ்டர் வேலையும் பாத்துக் காசு அனுப்பிக் கல்வீடு கட்டினவன். 1956இல சிங்களம் மட்டும் சட்டம் வரேக்க எங்கட ஆக்களுக்கு விழுந்த அடியில பாதி தமிழுக்கு விழுந்த அடி, மற்றப் பாதி இங்கிலீஷில பிடிச்சு வைச்சிருந்த அரசாங்க உத்தியோகத்துக்கு விழுந்த அடி, இதை நாங்கள் மேடையில சொல்லுறேல்லை. கனகராஜாவே தன்ர சின்ன வயசைப் பற்றி எழுதியிருக்கிறார், தாய் தகப்பன் பிள்ளையளுக்கு விளங்கக்கூடாத ரகசியமெல்லாம் இங்கிலீஷில கதைப்பினமாம், என்னதான் கதைக்கினம் எண்டு கண்டுபிடிக்க வேணும் எண்ட ஆவலிலதான் தனக்கு அந்த மொழியில காது விழுந்ததாம். எங்கட வீடுகளில இப்ப அது தலைகீழ். ரகசியம் எண்டா நாங்கள் வேகமா யாழ்ப்பாணத் தமிழில கதைக்கிறம், பிள்ளையள் காதைத் தீட்டிக்கொண்டு நிக்குதுகள். தமிழ் படிப்பிக்க இதைவிட நல்ல வழி இருக்கோ தெரியாது.

அடுத்தது சாதி. இதைப் பேப்பரில எழுத ஒருத்தருக்கும் விருப்பமில்லை, அவர் எழுதியிருக்கிறார். எங்கட தமிழில ஒரு ஆளைக் கூப்பிட முந்தி அந்த ஆள் ஆர், எங்க இருந்து, நான் மேலயோ கீழயோ எண்டு கணக்குப் பாக்கிறம், நீ எண்டு ஒண்டு, நீர் எண்டு ஒண்டு, நீங்கள் எண்டு ஒண்டு. பெரிய மனிசன் ஒருத்தரை, வயசில மூத்தவரை, சின்னப் பெடியன் நீ எண்டு கூப்பிட்டுக் கேட்டு வளந்த குடும்பங்கள் இஞ்சயும் இருக்கு. அப்பிடிப்பட்ட வீட்டு ஆக்கள் சிலருக்கு இங்கிலீஷில மாறுறது மொழியை விட்டு ஓடுறதில்லை, அந்தக் கணக்கை விட்டு வெளிய வாறது. பொம்பிளையளுக்கும் இதில ஒரு பங்கு இருக்கு, தமிழில வாய் காட்டுறாள் எண்டு பேர் வரும், அதையே இங்கிலீஷில சொன்னா கெட்டிக்காரி எண்டு பேர் வரும். இப்பிடி ஒரு வீட்டில தமிழ் குறைஞ்சு போறதுக்கு என்ன எண்டு தீர்ப்புச் சொல்லப்போறியள்? தமிழைக் கொன்றவை எண்டோ? மொழி மேல பாசம் வேணும் எண்டா அந்த மொழி அவையளை மரியாதையா நடத்தியிருக்க வேணும், அவ்வளவுதான்.

இனி என்ர பகல் வகுப்புப் பக்கம் வாறன். வாய் திறக்காத மாணவரைக் கண்டா சோம்பேறி, ஆர்வமில்லை, வெக்கம் எண்டு மூண்டு சீட்டில ஒண்டை ஒட்டிவிடுறது எங்கட ரீச்சர்மாற்ற பழக்கம். பொனி நோர்ட்டன் எண்டு ஒரு பேராசிரியை, தென்னாபிரிக்காவில நிறவெறி ஆட்சிக் காலத்தில வளந்தவ, பிறகு கனடாவுக்கு வந்து, இப்ப கன வருஷமா வன்கூவரில பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில இருக்கிறா. அவ 1990 அளவில எங்கட ஒன்ராறியோவிலயே குடியேறி வந்த அஞ்சு பொம்பிளையளைப் பின்தொடர்ந்து, டயரி எழுத வைச்சு, சந்திச்சுச் சந்திச்சுக் கதைச்சு ஆய்வு செய்தவ. அதில மார்ட்டினா எண்டு அவ பேர் மாத்தி எழுதின ஒரு தாய், செக்கோஸ்லோவாக்கியாவில நில அளவை படிச்ச உத்தியோகக்காரி, இஞ்ச வந்து சாப்பாட்டுக் கடைக் குசினியில உதவியாள். கூட வேலை செய்யிறதுகள் பள்ளிக்கூடம் போற வயசுப் பெடியள் பெட்டையள், வேலை முழுக்க இவவின்ர தலையில போட்டிட்டு நிண்டு கதைக்குங்கள், தன்னை ஒரு விளக்குமாறு எண்டு நினைச்சினம்போல எண்டு அவ சொல்லியிருக்கிறா. பிறகு ஒரு நாள் அவவுக்கு ஒரு யோசினை, இதுகள் என்ர பிள்ளையளின்ர வயசுதானே, நான் இதுகளுக்கு முன்னால வந்தேறு குடி இல்லை, தாய். தாய் மாதிரி அதட்டத் தொடங்கினா. அந்த நிமிஷத்தில இருந்து இங்கிலீஷ் வாயில வந்தது. வீட்டுக்காரன் வருஷ வாடகை முழுக்கக் கட்டவேணும் எண்டு வெருட்டேக்க, போனில கதைக்கவே நடுங்கின அதே மனிசி ஒரு மணித்தியாலத்துக்கு மேல நிண்டு வாதாடியிருக்கிறா, பிள்ளையளே கேட்டு ஆச்சரியப்பட்டினமாம்.

இலக்கணம் கூடினதோ? இல்லை. ரெஸ்ற் வைச்சா முதல் நாளும் அடுத்த நாளும் ஒரே மார்க்ஸ்தான் வந்திருக்கும். ஆரா நிண்டு கதைக்கிறம் எண்டதுதான் மாறினது. நோர்ட்டன் இதை 1995இல எழுதேக்க ஆர்வம் எண்ட சொல்லைத் தள்ளி வைச்சிட்டு முதலீடு எண்ட சொல்லைக் கொண்டுவந்தவ, அதாவது ஒரு ஆள் ஒரு மொழியில நேரத்தையும் மானத்தையும் போடுறதெண்டா அதால தனக்கு என்ன கிடைக்கும், தான் ஆரா ஆவன் எண்ட கணக்கோடதான் போடும். இன்னொரு பொம்பிளை போலந்தில பதினேழு வருஷம் உயிரியல் படிப்பிச்ச ரீச்சர், இஞ்ச இங்கிலீஷ் வகுப்பில, உமக்குக் கொம்பியூட்டர் வகுப்புக்குப் போற அளவுக்கு இங்கிலீஷ் காணாது எண்ட மாதிரி ஒரு சொல் விழுந்தது, அண்டையோட அந்த வகுப்பையே விட்டிட்டுப் போட்டா. பார்வைக்கு அது படிப்பில ஆர்வமில்லாத மாணவி, உண்மையில தன்னைப் படிச்ச ஆளா ஒருத்தரும் காணேல்லை எண்ட கோவம். என்ர வகுப்பில யாழ்ப்பாணத்தில அதிபரா இருந்த ஆக்கள், மட்டக்களப்பில கிளாக்கரா இருந்த ஆக்கள், 'ஆப்பிள், பனானா' படம் பாத்துச் சொல்லு எண்டா ஏன் ஒரு மாதிரிப் பாக்கினம் எண்டு எனக்கு இதை வாசிச்ச பிறகுதான் பிடிபட்டது, இப்ப நான் முதல் கிழமையில படம் காட்டுறதில்லை, நீங்கள் ஊரில என்ன வேலை செய்தியள், அதில ஒரு பிரச்சினை வந்தா எப்பிடித் தீர்த்தியள் எண்டு கேக்கிறன், உடைஞ்ச இங்கிலீஷிலயும் தமிழிலயும் கையாலயும் சொல்லினம், சத்தம் கூடிப்போய்ப் பக்கத்து வகுப்பால ஆள் வந்து பாக்கும்.

இதையே சனிக்கிழமைக்குத் திருப்பிப் போடுங்கோ. தமிழ் வகுப்பில பன்னிரண்டு வயசுப் பெடியன் 'வாழைப்பழம்' எண்டு சொல்ல 'வாளைப்பளம்' எண்டு வருகுது, வகுப்பு முழுக்கச் சிரிக்குது, ரீச்சரும் சேர்ந்து சிரிக்கிறா, பின்னுக்கு நிக்கிற தாய்மாரும் சிரிக்கினம். ஊரில அரைவாசிச் சனத்துக்கே அந்த 'ழ' வாறேல்லை, அதை விடுங்கோ. அண்டையோட அந்தப் பெடியன் ஒரு கணக்கு முடிக்கிறான், தமிழ் எண்டது நான் மக்கா நிக்கிற இடம், இங்கிலீஷ் எண்டது நான் கெட்டிக்காரனா நிக்கிற இடம். இனி எந்தத் தாய் என்ன செய்தாலும் அந்தக் கணக்கை அழிக்க ஏலாது, பரிசு குடுத்தாலும் ஏலாது.

கனகராஜா யாழ்ப்பாணக் கம்பஸில படிப்பிக்கேக்க செய்த ஒரு வேலையை இதில சொல்லியே ஆகவேணும், எனக்கு அவற்ற எழுத்தில ஆகப் பிடிச்சது அதுதான், 1993இல வெளிவந்தது. சண்டைக் காலம், கலைப்பீட முதலாம் வருஷப் பிள்ளையள், பாடப்புத்தகமோ அமெரிக்காவில அமெரிக்க வாழ்க்கையை வைச்சு எழுதினது, அதில வாற ஆக்களுக்கு இருக்கிற பிரச்சினையும் இந்தப் பிள்ளையளுக்குத் தலைக்கு மேல பறக்கிற ஹெலிகொப்டரும் ஒரு உலகமே இல்லை. கேள்வித்தாள் குடுத்துக் கேட்டா எல்லாரும் இங்கிலீஷ் முக்கியம், படிக்க விருப்பம் எண்டு நல்ல பிள்ளையா எழுதினம். வகுப்புக்கு வரவு நாளுக்கு நாள் குறையுது. அப்ப அவர் என்ன செய்தவர் தெரியுமோ, பிள்ளையளின்ர பாடப்புத்தகங்களை எடுத்து ஓரத்தில என்ன கிறுக்கி வைச்சிருக்கினம் எண்டு பாத்தவர். பாத்தா, படங்களுக்கு மேல படம், சினிமாப் பாட்டு, காதல் வசனம், போராட்டத்தைப் பற்றின எழுத்து, பெரும்பாலும் தமிழில. வாயால எதிர்க்கேல்லை, பரீட்சைக்கு வேணும் எண்டு இலக்கணத்தையும் கேட்டு வாங்கிப் படிக்கினம், ஆனா புத்தகத்தின்ர ஓரத்தில தாங்கள் தாங்களாவே இருக்கினம். பிறகு இப்பிடிப்பட்ட மூலைகளைப் பாதுகாப்பான வீடுகள் எண்டு, மேரி லூயிஸ் பிராட் எண்ட அறிஞரின்ர சொல்லை எடுத்து எழுதினவர். வாத்தியாருக்குத் தெரியாமல் மேசைக்குக் கீழ கதைக்கிற கதை, கொப்பியின்ர கடைசிப் பக்கம், எல்லாம் அந்தக் கணக்குத்தான். எத்தினை வாத்திமார் கொப்பியின்ர கடைசிப் பக்கத்தைப் பாத்துக் குட்டு வைக்காமல் உக்காந்து வாசிச்சிருக்கினம்?

வகுப்பில தமிழும் இங்கிலீஷும் கலந்து கதைக்கிறதைப் பற்றியும் அவர் எழுதினவர், யாழ்ப்பாணப் பள்ளிக்கூடங்களில இங்கிலீஷ் ரீச்சர்மார் அடிக்கடி தமிழுக்கு மாறுறது இயலாமையால இல்லை, பிள்ளையை அரவணைக்கிறதுக்கும், ஒழுங்குக்குக் கொண்டுவாறதுக்கும், பாடத்தை ஊர் வாழ்க்கையோட கொழுவிறதுக்கும் எண்டு ஆதாரத்தோட காட்டினவர். அதே காலத்தில யாழ்ப்பாணத்தில தனித்தமிழ் கடுமையா நடைமுறையில இருந்தது, பேக்கரி எல்லாம் வெதுப்பகமா மாறின காலம், எங்களுக்கெல்லாம் ஞாபகமிருக்கும். எழுத்திலயும் அலுவலகத்திலயும் இங்கிலீஷ் ஒளிஞ்சு கொண்டது, சனத்தின்ர பேச்சுக்குள்ள தமிழோட கலந்து தப்பி இருந்தது. உங்கட நாலாவது விதியை வாசிக்கேக்க எனக்கு அந்த நாள்தான் ஞாபகம் வந்தது, ஆயுதத்தோட நிண்டு சொல்லியே நிக்காத கலப்பு ஒரு கட்டுரைப் போட்டியால நிக்கப்போகுதோ.

அவருக்கு அந்தக் காலத்தில இருந்த கரைச்சலும் சும்மா இல்லை. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய் தடை, பற்றறி தடை, பேப்பர் தட்டுப்பாடு. விளக்கு வெளிச்சத்தில எழுதி, கிடைச்ச தாளில ரைப் அடிச்சு, வெளிநாட்டு ஆய்விதழுக்கு அனுப்பினா அவையள் நல்ல தாளில மூண்டு நாலு பிரதி கேப்பினம், அண்மையில வந்த ஆய்வுகளை ஏன் வாசிக்கேல்லை எண்டு கேப்பினம். எங்க வாசிக்கிறது? இந்த அநியாயத்தைப் பற்றியே 1996இல ஒரு கட்டுரை எழுதினவர், 2002இல முழுப் புத்தகமாவும் வந்தது. அதில இன்னொரு விசயம், எங்கட ஊர் அறிஞர் மேடையில ஏறினா எனக்கு ஒண்டும் தெரியாது, பெரியவை நீங்கள் இருக்கிற சபை எண்டு அவையடக்கம் சொல்லித்தான் தொடங்குவினம், அமெரிக்காவிலயோ இதுவரை ஒருத்தரும் செய்யாததை நான் செய்திருக்கிறன் எண்டு நெஞ்சை நிமித்தினாத்தான் கட்டுரையைப் போடுவினம். ரெக்சஸில படிச்சிட்டு ஊருக்குத் திரும்பினவற்ற எழுத்து ஊர் ஆக்களுக்குத் திமிராத் தெரிஞ்சதாம், முந்தி அமெரிக்காவில அவற்ற எழுத்து சுத்தி வளைக்குது எண்டு சொன்னவையாம். ரெண்டு பக்கமும் ஏச்சு. வெளிநாட்டில இருந்து லீவுக்கு ஊருக்குப் போற எங்கள் எல்லாருக்கும் இந்த ருசி தெரியும்.

இனி எனக்கு அவரோட ஒத்துப்போகாத இடம். 2012 அளவில அவர் புலம்பெயர்ந்த இளம் பிள்ளையளைப் பற்றி எழுதினதில, தமிழ் சரளமா வராத பிள்ளையளும் தங்களைத் தமிழர் எண்டுதான் சொல்லுதுகள், இங்கிலீஷ் பேச்சுக்குள்ள ரெண்டு தமிழ்ச் சொல்லு, ஒரு கேலி, பெரியாக்களுக்கு முன்னால ஒரு மரியாதைச் சொல்லு, இப்பிடிக் கொஞ்சத்தை வைச்சே தங்கட தமிழ் அடையாளத்தைக் கட்டிக் காட்டுதுகள், அதை நாங்கள் மதிக்க வேணும் எண்ட பக்கமா நிக்கிறார். அடையாளம் எண்ட அளவில சரி, நான் என்ர கண்ணால காணுறன், வார்த்தைக்கு வார்த்தை 'மச்சான்' சொல்லுற பெடியன் தன்னைத் தமிழன் இல்லையெண்டு சொன்னா அடிக்க வருவான். ஆனா அடையாளம் வேற, அம்மம்மாவோட கதைக்கிறது வேற. முதியோர் இல்லத்தில இருக்கிற ஒரு அம்மம்மாவுக்கு நெஞ்சு நோகுதோ வயிறு நோகுதோ எண்டு கேட்டு நேர்ஸுக்குச் சொல்ல அந்த ரெண்டு சொல்லும் 'மச்சானும்' காணாது. கிழவி இருட்டுக்குள்ள இருக்கிற மாதிரி இருக்கும். ஆகவே பிள்ளை தன்னைத் தமிழர் எண்டு சொன்னாப் போதும் எண்டு நான் கையை விரிக்க மாட்டன், அதுக்குத்தான் சனிக்கிழமை நித்திரையை விட்டிட்டுப் போறன். ஆனா எங்க தொடங்கவேணும் எண்டதில அவர் சொல்லுறதுதான் சரி, அந்த ரெண்டு சொல்லில இருந்துதான் தொடங்க வேணும், அதைப் பிடுங்கி எறிஞ்சிட்டு அகரத்தில இருந்து தொடங்குவம் எண்டா பிள்ளை வாசலோட போயிடும்.

எப்பிடித் தொடங்கலாம் எண்டதுக்கும் அவற்ற வகுப்பிலயே ஒரு வழி இருக்கு. பென்சில்வேனியாவில எழுத்துப் படிப்பிக்கிறதைப் பற்றின வகுப்பில மாணவரை, நான் எப்பிடி எழுத வாசிக்கப் பழகினன், எந்தெந்த மொழியோட வளந்தன் எண்டு தங்கட கதையை எழுத வைக்கிறவர். முதல் வரைவை எல்லாரும் வாசிச்சுக் கேள்வி கேப்பினம், பிறகு திருத்தி எழுதவேணும், பிறகும் வாசிப்பினம். அப்பிடி ஒரு சவுதி அரேபிய மாணவி தன்ர இங்கிலீஷ் கட்டுரைக்குள்ள அரபுக் கவிதையை அரபு எழுத்திலயே மொழிபெயர்ப்பில்லாமல் போட்டிருக்கிறா. கூடப் படிக்கிற ஆக்கள் எங்களுக்கு விளங்கேல்லை எண்டு சொல்ல, வாசிக்கிற நீங்களும் கொஞ்சம் கஷ்டப்படுங்கோ எண்ட மாதிரி நிண்டிருக்கிறா. அவர் சிவப்புப் பேனை எடுத்து வெட்டேல்லை, ஏன் போட்டனீர், இதால வாசிக்கிறவைக்கு என்ன செய்ய விரும்பினனீர் எண்டு கேட்டு, அந்தச் சம்பாசணையை வைச்சே 2011இல ஒரு ஆய்வும் எழுதினவர். ஒண்டைக் கவனியுங்கோ, என்னத்தையும் கலக்கலாம் எண்டு விட்டவரில்லை, கலந்ததுக்குக் காரணம் சொல்ல வைச்சவர், அது ஒரு எழுத்தும் பிழையில்லாமல் எழுதிறதைவிடக் கஷ்டமான வேலை.

நான் அதை எங்கட சனிக்கிழமை வகுப்பில பெரிய பிள்ளையளோட செய்து பாத்தன், தமிழ் எழுத்தும் இங்கிலீஷ் எழுத்தும் கலந்து எழுதுங்கோ, உங்கட வீட்டில ஆர் ஆரோட எந்த மொழியில கதைக்கினம் எண்டு மட்டும் சொல்லுங்கோ எண்டன். முந்தி அஞ்சு வரிக்கு முக்கினதுகள் ரெண்டு பக்கம் எழுதிச்சுதுகள். ஒரு பிள்ளை, அப்பா வேலையில இருந்து போன் எடுக்கேக்க மனேஜர் பக்கத்தில நிண்டா இங்கிலீஷ், நிக்காட்டி தமிழ், குரலைக் கேட்டே மனேஜர் நிக்கிறானோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியும் எண்டு எழுதியிருந்தது. இதை எழுதின பிள்ளைக்குத் தமிழ் தெரியாதெண்டு நான் எப்பிடிச் சொல்லுறது? பிறகு இங்கிலீஷில எழுதின இடத்தைத் தமிழில எப்பிடிச் சொல்லலாம் எண்டு தாங்களாவே வந்து கேக்குதுகள், அதுக்கு மேல இலக்கணம் படிப்பிக்க எனக்கு வழி திறந்திட்டுது.

ஆகவே என்ர வேண்டுகோள் பெரிசில்லை. நாலாவது விதியை எடுத்து விடுங்கோ, அல்லது பதினாலு வயசுக்கு உட்பட்ட பிரிவுக்காவது எடுத்து விடுங்கோ, கலந்து எழுதினா நிராகரிக்கப்படும் எண்டதுக்குப் பதிலா, கலந்த இடத்தில ஏன் கலந்தனீர் எண்டு ஒரு வரி எழுத வேணும் எண்டு போடுங்கோ. ஜனவரியில தமிழ் மரபுத் திங்கள் சிறப்பிதழ் போடுவியள்தானே, அதில ஒரு பக்கத்தை இந்தப் பிள்ளையளுக்குத் தாங்கோ, தலைவர்மாற்ற வாழ்த்துச் செய்தி ஒண்டு குறைஞ்சாலும் ஒருத்தரும் அழமாட்டினம். தாய்மாரைப் பற்றி எழுதினவர் மறுமொழி எழுத விரும்பினா எழுதட்டும், ஆனா அதுக்கு முந்தி அவற்ற வீட்டில பிள்ளையளோட தமிழ் கதைக்கிற பொறுப்பு ஆருக்கு எண்டதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கோ.

கடிதம் நீண்டு போச்சு, இடம் காணாட்டி வெட்டித்தான் போடுவியள் எண்டு தெரியும். செக்கோஸ்லோவாக்கியாவை வெட்டுங்கோ, மண்ணெண்ணெயை வெட்டுங்கோ, என்ர வகுப்புக் கதையையும் வேணுமெண்டா வெட்டுங்கோ. சாதி பற்றி எழுதின பந்தியை மட்டும் வெட்டாதேங்கோ.

இப்படிக்கு,
ஸ்காபரோ வாசகி ஒருத்தி